ஆட்டுவிக்கும் கை: அனிமேஷன் குறும்படங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

அனிமேஷன் என்றதும் 'அது சின்னப் புள்ளைங்க சமாச்சாரம்' என்று தள்ளிவைத்துவிடுகிறவர்கள் நம்மில் அதிகம். இலக்கியம் பேசுகிறவர்களும் அரசியல் பேசுகிறவர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருக்கிறார்கள். சினிமாவைத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறவர்கள்கூட ஆவணப்படத்துக்குத் தருகிற கவனத்தில் கால்வாசியை இதற்குத் தருவதில்லை. எட்டு நிமிஷம், பத்து நிமிஷம், மிஞ்சிப்போனால் அரைமணி நேரம் ஓடுகிற படங்கள் இவை. பெரும்பாலானவற்றில் வசனம் கிடையாது. நடிகர் கிடையாது. டிக்கெட் போட்டு விற்க முடியாது. ஆனாலும் இரண்டரை மணி நேரப் படங்கள் பலவும் மறந்துபோன பிறகு, இவற்றில் சில மட்டும் உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டிருக்கின்றன. ஏன் என்பதுதான் கேள்வி.

'கற்பனை வளம்', 'மனதைத் தொட்டது', 'குறைந்த நேரத்தில் நிறைந்த செய்தி' என்றெல்லாம் சொல்லப்படுகிற பதில்கள் எந்தக் கலைக்கும் பொருந்தும். ஆகவே எதற்கும் பொருந்தாது. அனிமேஷனுக்கே உரிய ஒரு காரணம் இருந்தாக வேண்டும். அதைத் தேட, நாம் இந்தக் கலைக்கு வைத்திருக்கும் பெயர்களிலிருந்து தொடங்கலாம்.

தமிழில் இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. ஒன்று உயிரூட்டம். அனிமேஷன் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு உயிர், ஆன்மா என்று பொருள். அதை ஒட்டிய மொழிபெயர்ப்பு இது. சும்மா கிடந்த கோட்டுக்கு யாரோ மூச்சை ஊதி உயிர் கொடுத்துவிட்டார்கள் என்கிற தொனி இதில் இருக்கிறது. படைப்பாளி பிரம்மாவாகிறான். இரண்டாவது அசைவூட்டம். இது கொஞ்சம் அடக்கமான சொல். அசையாததை அசைய வைத்தார்கள், அவ்வளவுதான். இந்த இரண்டையும் விடப் பழைய சொல் ஒன்று நம்மிடம் உண்டு: ஆட்டுவித்தல். பொம்மலாட்டக்காரரும் தோல்பாவைக்காரரும் காலகாலமாகச் செய்துவருகிற வேலை. இந்தச் சொல்லில் மட்டும்தான் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆடுகிறவன் ஒருவன், ஆட்டுவிக்கிறவன் ஒருவன். இருவருக்கும் நடுவில் ஒரு கயிறு. அதாவது ஓர் அதிகார உறவு.

நான் சொல்ல வருவது இதுதான். உயிரூட்டம் என்ற சொல் இந்த உறவை மறைக்கிறது. மறக்க முடியாத அனிமேஷன் குறும்படங்களோ அந்த மறைப்பை விலக்கி, ஆட்டுவிக்கிற கையைத் திரைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்துவிடுகின்றன. பொம்மை நம் நினைவில் தங்குவதற்குக் காரணம் அது உயிருள்ளதுபோல் இருந்தது என்பதல்ல. அது ஆட்டுவிக்கப்படுகிறது என்பதை நாம் பார்த்துவிட்டோம் என்பதே.

2

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 பிரேம்கள். பத்து நிமிஷப் படத்துக்கு 14,400 பிரேம்கள். ஒரே நிலையை இரண்டு பிரேமுக்கு நிறுத்திப் படம்பிடித்தாலும் 7,200 தடவை வரைய வேண்டும், அல்லது பொம்மையைத் தொட்டு நகர்த்த வேண்டும். அனிமேஷன் என்பது அசைகிற ஓவியங்களின் கலை அல்ல, வரையப்பட்ட அசைவுகளின் கலை என்று கனடாவில் வேலை செய்த நார்மன் மெக்லாரன் விளக்கினார். ஒவ்வொரு பிரேமிலும் இருப்பதைக் காட்டிலும் ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் நடுவில் நடப்பதே முக்கியம் என்பது அவருடைய வாதம்.

நடுவில் என்ன நடக்கிறது? ஒரு கை உள்ளே வருகிறது. பொம்மையின் முழங்கையை ஒரு நெல்மணி அளவு உயர்த்துகிறது. வெளியே போய்விடுகிறது. அதற்குப் பிறகுதான் கேமரா கண் திறக்கிறது. மற்ற சினிமாவில் நடிகரின் உழைப்பை நாம் பார்க்கிறோம், அதுவே நடிப்பு. அனிமேஷனில் உழைப்பு நடக்கிற நேரம் முழுக்க வெட்டி எறியப்பட்டு, உழைப்பு இல்லாத கணங்கள் மட்டும் கோக்கப்படுகின்றன. சரக்கின் மீது உழைப்பாளியின் ரேகை தெரியாமல் துடைக்கப்படுவது பற்றி மார்க்சியம் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கலையில் கிடைப்பது கடினம்.

இந்தத் துடைப்பை ஒரு தொழிலாகவே ஆக்கிக்காட்டியது டிஸ்னி ஸ்டுடியோ. அங்கே இரண்டு மூத்த அனிமேட்டர்கள் 1981இல் எழுதிய புகழ்பெற்ற பாடநூலின் தலைப்பே உயிர் பற்றிய மாயத்தோற்றம் என்பதுதான். 1937இல் வந்த 'ஸ்நோ ஒயிட்' படத்தின் கோடுகளை செல்லுலாய்ட் தாளில் மை கொண்டு பிரதியெடுத்து வண்ணம் பூசியவர்கள் பெண்கள். அந்தப் பிரிவு கிட்டத்தட்ட முழுக்கப் பெண்களால் ஆனது. பிரதியெடுக்கிறவளின் கை நடுங்கினால் படம் கெட்டுவிடும். நடுங்காவிட்டால் அவள் அங்கே இருந்ததே தெரியாது. 1941 மே மாதம் அந்த ஸ்டுடியோவின் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதுதான், மிக்கி மவுஸுக்குப் பின்னால் கூலி வாங்குகிற கைகள் இருக்கின்றன என்பது பலருக்கும் உறைத்தது.

டிஸ்னியை வெறுமனே திட்டுவது சுலபம். ஐசன்ஸ்டீன் அப்படிச் செய்யவில்லை. எந்த உருவத்தையும் எடுக்கத் தயாராக இருக்கிற அந்தக் கோட்டின் நெகிழ்வில், இயந்திரப் பட்டைக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கிற அமெரிக்கத் தொழிலாளிக்குக் கிடைத்த கொஞ்ச நேர விடுதலையை அவர் கண்டார். விடுதலைதான், ஆனால் கனவில் மட்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அடோர்னோவும் ஹொர்க்ஹைமரும் அந்தச் சலுகையைக்கூடத் தரவில்லை. திரையில் டொனால்ட் வாத்து உதை வாங்குவது, தங்களுக்கு விழப்போகிற உதையை வாங்கிக்கொள்ளப் பார்வையாளர்கள் பழகுவதற்காகத்தான் என்றார்கள். இரண்டு வாசிப்புகளும் உண்மை. இரண்டிலும் விடுபடுவது ஒன்றுதான்: வாத்தை உதைத்த கை யாருடையது?

ஆனால் டிஸ்னியும்தான் நினைவில் நிற்கிறது என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. நினைவில் பதிக்கப்படுவது வேறு, நினைவில் தங்குவது வேறு. மிக்கியின் முகம் பள்ளிப் பையிலும் டிபன் பாக்ஸிலும் அச்சடிக்கப்பட்டுத் திரும்பத் திரும்ப வருவதால் பதிகிறது. மிக்கி நடித்த குறும்படங்களில் ஒன்றின் கதையைச் சொல்லுங்கள் என்றால் பெரும்பாலானவர்கள் விழிப்போம். அங்கே ஞாபகம் இருப்பது வணிகச் சின்னம், படமல்ல.

3

1965இல் செகோஸ்லோவாகியாவின் யிர்ஜி ட்ரன்கா எடுத்த 'கை' என்கிற படத்துக்கு வருவோம். 18 நிமிஷம். பேச்சே இல்லை. நான் இதுவரை சொன்னதெல்லாம் இந்தப் படத்தின் அடிக்குறிப்பு மாதிரிதான்.

ஓர் அறை. அதில் ஒரு கோமாளிப் பொம்மை வசிக்கிறான். மரத்தால் ஆனவன். அவனிடம் ஒரு செடி இருக்கிறது. அதற்கொரு தொட்டி வேண்டும். குயவன் சக்கரத்தில் களிமண்ணை வைத்துத் தொட்டி வனைகிறான். கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கை வருகிறது. பொம்மைக் கை அல்ல, கையுறை போட்ட நிஜ மனிதக் கை. அவன் உடம்பைவிடப் பெரியது. களிமண்ணை எடுத்துப் பிசைந்து ஒரு கையின் உருவமாக்கிக் காட்டுகிறது. 'இந்தமாதிரி செய்.' அவன் மறுக்கிறான். அதே மண்ணை மறுபடி தொட்டியாக்குகிறான்.

கை விடுவதாக இல்லை. போன் பண்ணுகிறது. பரிசு தருகிறது. தொலைக்காட்சிப் பெட்டியைக் கொண்டுவந்து வைக்கிறது. அதில் வரலாறு முழுக்கக் கைகள்தான். நீதியின் தராசைப் பிடித்த கை, கோட்டுக்குள் செருகிய நெப்போலியன் கை, தீப்பந்தம் ஏந்திய அமெரிக்கச் சுதந்திர தேவியின் கை, முஷ்டி. பிறகு கறுப்பு வலைத்துணிக் கையுறை மாட்டிக்கொண்டு வந்து மயக்கிப் பார்க்கிறது. எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் அவனைப் பிடித்துக் கயிறு கட்டிக் கூண்டுக்குள் அடைக்கிறது. கயிறு இழுக்கிற பக்கமெல்லாம் அவன் கை போகிறது. பிரம்மாண்டமான கல் கை ஒன்றைச் செதுக்குகிறான். மெடல் குத்துகிறார்கள். மாலை விழுகிறது. எப்படியோ தப்பித்துத் தன் அறைக்கு ஓடிவருகிறான். கதவையும் சன்னலையும் ஆணி அடித்து மூடுகிறான். அலமாரி மேலிருந்த பூந்தொட்டி தலையில் விழுகிறது. செத்துப்போகிறான். கை திரும்பி வருகிறது. அவனுடைய அலமாரியையே சவப்பெட்டியாக்கி, மெடல்கள் சூட்டி, ராஜ மரியாதையோடு அடக்கம் செய்கிறது. கடைசியில் சல்யூட் அடிக்கிறது.

கதையாகச் சொன்னால் அரசியல் நீதிக்கதை போலத் தெரியும். தெரிவது மட்டுமல்ல, அப்படித்தான் பெரும்பாலும் வாசிக்கப்பட்டும் இருக்கிறது: கலைஞன், கம்யூனிச அரசு, ஒடுக்குமுறை, முற்றும். ட்ரன்கா 1969 இறுதியில் இறந்தார். சில மாதங்களிலேயே படம் தடைசெய்யப்பட்டுப் பிரதிகள் முடக்கப்பட்டன. இருபது வருஷம் போல அந்த நிலைமை நீடித்தது. ஆக மேற்கத்திய வாசிப்புக்கு அரசே சாட்சி சொல்லிவிட்டது.

எனக்கு இந்த வாசிப்பு போதவில்லை. தொலைக்காட்சியில் வருகிற கைகளை இன்னொரு முறை பாருங்கள். நெப்போலியனும் சுதந்திர தேவியும் பிராகாவின் கட்சி அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் அல்லர். கை என்றதும் நமக்கு ஒரு தேர்தல் சின்னம் ஞாபகம் வருமே, அதுபோல அவரவர் ஊருக்கு அவரவர் கை. எந்தக் கை என்று பெயர் சொல்லாததில்தான் படத்தின் பலம் இருக்கிறது. கையுறை மாற மாறக் கையும் மாறுகிறது: அரசு, சந்தை, ரசிகர் கூட்டம், விருதுக் கமிட்டி. கெஞ்சல், பரிசு, மயக்கு, மிரட்டல் என்று அது வருகிற வரிசையை எழுதுகிறவர்கள் எவரும் எங்கோ பார்த்தமாதிரி உணர்வார்கள்.

இரண்டாவது விஷயம் அவன் முகம். ட்ரன்காவின் பொம்மைகளுக்கு முகபாவம் மாறாது. கண் வரையப்பட்டது, வரையப்பட்டதுதான். டிஸ்னி முகம்போல் இழுபடாது, பிதுங்காது. வெளிச்சத்தையும் கோணத்தையும் தலையின் சாய்வையும் மாற்றியே அவர் உணர்ச்சியைக் கொண்டுவந்தார். விளைவு என்ன? பயம் அந்த முகத்தில் இல்லை. நாம்தான் அதில் பயத்தைக் கொண்டுபோய் வைக்கிறோம். படம் முடிந்த பிறகும் அந்தப் பயம் நம்மிடமே தங்கிவிடுகிறது, வைத்தவர்கள் நாம்தானே. அழுகிற முகம் நமக்குப் பதிலாக அழுது முடித்துவிடும். அசையாத மரமுகம் அந்த வேலையை நம்மிடம் விட்டுவிடுகிறது. குறும்படம் நினைவில் தங்குகிற வழிகளில் இது ஒன்று. எல்லாவற்றையும் செய்து முடித்துக் கையில் கொடுக்காமல் பாதியைப் பார்க்கிறவர் தலையில் சுமத்துவது.

மூன்றாவது, நம்மைப் போன்றவர்களுக்கு நெருக்கமானது. அவனைக் கொன்றது யார்? கை அல்ல. அவனாகவே வனைந்த தொட்டி. அவன் நேசித்த செடி. பயத்தில் எல்லாவற்றையும் ஆணியடித்து மூடிக்கொண்ட அறையில், இனி எதுவும் உள்ளே வரமுடியாது என்று ஆன பிறகு, உள்ளே இருந்த ஒன்றே அவன் தலையில் விழுகிறது. தணிக்கை அதிகாரி வருவதற்கு முன்பே தன் வரியைத் தானே அடித்துவிடுகிற எழுத்தாளன், 'இப்போதைக்கு இது வேண்டாம்' என்று கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்கிற பத்திரிகைக்காரர், இவர்களுக்குத் தெரியும் அந்தத் தொட்டியின் கனம். அதிகாரத்துக்கு எல்லா வேலையையும் தானே செய்யவேண்டிய அவசியமில்லை. கதவு வரைக்கும் வந்து நின்றால் போதும்.

இவை எல்லாவற்றுக்கும் கீழே ஒரு முரண் இருக்கிறது. அந்தக் கோமாளிப் பொம்மை மறுக்கிறானே, அந்த மறுப்பையும் செய்துகாட்டியது ஒரு கைதான். 18 நிமிஷம் என்பது 25,920 பிரேம்கள். திரையில் தெரிகிற பெரிய கையை அவன் தள்ளிவிடுகிறபோதெல்லாம், திரையில் தெரியாத சில கைகள் அவனைத் தள்ளவைத்துக்கொண்டிருந்தன. கைப்பாவை என்ற நம் வசவுச் சொல்லை இதைவிட முழுசாக யாரும் படமாக்கியதில்லை. பொம்மைக்குச் சுதந்திரம் வேண்டும் என்று சொல்கிற படம், பொம்மையை ஆட்டுவித்தே அதைச் சொல்லியாக வேண்டும். ட்ரன்காவுக்கு இது தெரியும். 1963இல் தேசியக் கலைஞர் பட்டம் வாங்கியவர் அவர். அரசு ஸ்டுடியோவில், அரசுப் பணத்தில்தான் இந்தப் படத்தையும் எடுத்தார். அந்த ஸ்டுடியோவில் பொம்மைகளை நகர்த்தியவர்கள் பலர், பெயர் அவருடையது. ஆகவே இந்தப் படத்தில் ட்ரன்கா கோமாளி மட்டுமல்ல, கையும்கூட. தன்னைக் குற்றமற்றவனாக வைத்துக்கொண்டு அதிகாரத்தைப் பழிக்கிற படைப்புகள் நமக்கு நிறையக் கிடைக்கின்றன. அவை சீக்கிரம் மறந்துபோகின்றன.

4

கையைத் திரையில் காட்டாமலேயே அதை உணரவைத்த படங்கள் இரண்டைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, மெக்லாரனின் 'அண்டை வீட்டார்' (1952). எட்டு நிமிஷம். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர், நடுவில் முளைக்கிற ஒரே ஒரு பூ. யாருடையது என்று தகராறு, வேலி, அடிதடி, கொலை. இரண்டு கல்லறைகள், அவற்றின்மேல் ஆளுக்கொரு பூ. இதில் நடித்தவர்கள் பொம்மைகள் அல்லர், மனிதர்கள். அவர்களை நகரவைத்து நிறுத்தி, பிரேம் பிரேமாகப் படம்பிடித்தார் மெக்லாரன். மனிதர்கள் நிற்கிற நிலையிலேயே தரையில் வழுக்கிப் போகிறார்கள், காற்றில் தொங்குகிறார்கள். சிரிப்பு வருகிறது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுபோகிறது. மரத்தை மனிதனாக்குகிற கலை இங்கே தலைகீழாகி மனிதனை மரமாக்குகிறது. எல்லைக்கோடு வந்ததும் நாம் எப்படி அசைகிறோமோ அப்படித்தான் அவர்கள் அசைகிறார்கள், சொந்தமாக அல்ல, யாரோ நகர்த்துவதுபோல. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. இருவரும் மனைவியையும் குழந்தையையும் தாக்குகிற காட்சியை விநியோகஸ்தர்கள் கேட்டுக்கொண்டதால் மெக்லாரன் நீக்கினார். வியட்நாம் போரின் காலத்தில் அது திரும்பச் சேர்க்கப்பட்டது. தாங்க முடியாது என்று வெட்டப்பட்டது, போர்ச் செய்திகளைத் தினமும் பார்த்துப் பழகிய பிறகு தாங்கக்கூடியதாக ஆகிவிட்டது. இதுவும் ஒரு வரலாறு.

இன்னொன்று, யூரி நார்ஷ்டெய்ன் எடுத்த 'கதைகளின் கதை' (1979). 29 நிமிஷம். ஒரு தாலாட்டில் வருகிற சாம்பல் ஓநாய்க்குட்டியின் பெயரைத்தான் முதலில் இதற்குத் தலைப்பாக வைத்திருந்தார்கள். சோவியத் திரைப்பட அதிகாரிகள் ஒப்புக்கொள்ளாததால் மாறியது. காகிதத்தை வெட்டி, அடுக்கடுக்கான கண்ணாடித் தட்டுகளில் வைத்து நகர்த்தி எடுக்கப்பட்ட படம். உருவங்களை வரைந்து கொடுத்தவர் அவருடைய மனைவி பிரான்செஸ்கா யார்புசோவா. நார்ஷ்டெய்னின் பெயர் சொல்கிற இடங்களில் அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லப் பழக வேண்டும்.

அதில் ஒரு காட்சி. தெருவிளக்கின் கீழே ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பின்னணியில் ஒரு பழைய டாங்கோ இசை. ஆடிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆண் இல்லாமல் போகிறான். பிறகு இன்னொருவன். பெண்களின் கைகள் அணைத்த நிலையிலேயே காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆண்கள் சிப்பாய்களாகி இருட்டுக்குள் நடந்து போகிறார்கள். அப்புறம் சாவுச் செய்தித் தாள்கள் பறந்து வருகின்றன. குண்டு இல்லை, ரத்தம் இல்லை, டாங்கி இல்லை.

இந்த இடத்தில் தொழில்நுட்பத்தை யோசித்துப் பாருங்கள். வெட்டிய காகித உருவம் ஒன்று கண்ணாடியின் மேல் கிடக்கிறது. அதை மறையச் செய்ய என்ன பண்ண வேண்டும்? ஒரு கை வந்து எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அசைவு கொடுத்த அதே கை எடுத்தும் விடுகிறது. அரசும் இதையேதான் செய்தது. ஒரு கிராமத்துக்கு வந்து ஆண்களை எடுத்துக்கொண்டு போனது. காட்சியின் பொருளும் காட்சி எடுக்கப்பட்ட விதமும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. அதனால்தான் அந்தக் காலி அணைப்பு மறப்பதில்லை. நடிகர்களை வைத்து எடுத்திருந்தால் இது ஒரு கேமரா தந்திரமாகத்தான் தெரிந்திருக்கும். யுத்தத்தில் காணாமல் போனவர்களின் படங்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பெண்கள் தெருவில் உட்கார்ந்திருப்பதை ஈழத்தில் நாம் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறோம். அந்தக் காலி இடத்துக்கு வடிவம் கிடைத்த மிகச் சில கலைப்படைப்புகளில் நார்ஷ்டெய்னின் அந்த ஒரு நிமிஷமும் சேரும்.

5

இங்கே நமக்குச் சங்கடமான ஒரு உண்மையைப் பேசியாக வேண்டும். நான் மேலே பாராட்டிய மூன்று படங்களும் அரசுப் பணத்தில் எடுக்கப்பட்டவை. பிராகாவின் பொம்மைப்பட ஸ்டுடியோ, மாஸ்கோவின் சோயுஸ்முல்ட்ஃபிலிம், கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம், எல்லாமே அரசு நிறுவனங்கள். அமெரிக்கர் அல்லாத ஒருவர் அனிமேஷன் குறும்படத்துக்கு முதன்முதலில் ஆஸ்கர் வாங்கினார் என்றால், அதுவும் சோஷலிச யூகோஸ்லாவியாவின் ஸாக்ரெப் ஸ்டுடியோவில் துஷான் வுகோதிச் எடுத்த 'பதிலி' (1961) என்கிற படத்துக்குத்தான். படகு, கூடாரம், காதலி என்று எல்லாவற்றையும் காற்றடித்து ஊதிக்கொள்கிற ஒரு மனிதனின் கதை. ஓர் ஆணி குத்தினால் எல்லாம் புஸ்.

சந்தைக்குக் குறும்படம் தேவைப்படவில்லை. சந்தையின் பக்கம் சுதந்திரம் இருந்தது என்றும் சொல்ல முடியாது. டிஸ்னி வேலைநிறுத்தத்தில் நின்ற ஜான் ஹப்ளி, கம்யூனிஸ்ட் வேட்டைக் காலத்தில் கருப்புப் பட்டியலில் வந்து 1952இல் யூபிஏ ஸ்டுடியோவை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்துக்கொண்டே, மனைவி ஃபெய்த் ஹப்ளியோடு சேர்ந்து 'நிலாப்பறவை' (1959) போன்ற படங்களைச் செய்தார். தங்கள் பிள்ளைகள் விளையாட்டில் பேசிக்கொண்டதை ஒலிப்பதிவு செய்து அதற்கேற்றாற்போல் வரைந்த படம் அது. ஒழுங்கற்ற, உளறலான, நிஜக் குழந்தைப் பேச்சு. குழந்தைக் குரலில் பெரியவர்கள் பேசுகிற கார்ட்டூன்களுக்கு அது நல்ல பதில். மறுபக்கம் சோவியத் யூனியனில் நார்ஷ்டெய்ன் 1981இல் தொடங்கிய 'மேல்கோட்டு' நாற்பது வருஷம் கடந்தும் முடியாமல் கிடந்தது. முதலில் ஸ்டுடியோ அவரை வெளியே அனுப்பியது. பிறகு அந்த அரசே இல்லாமல் போனது. கையுறை வேறு, கை ஒன்று.

இந்தியாவில் என்ன நடந்தது? 1948இல் தொடங்கப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷனில் 1956 வாக்கில் கார்ட்டூன் பிரிவு உருவானபோது, டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி கொடுத்தார். 1957இல் வந்த 'ஆலமரத்து மான்' என்கிற ஜாதகக் கதைப் படம் அந்தப் பயிற்சியின் விளைவு. பிறகு, பிராகாவில் ட்ரன்காவிடம் பயின்ற பிரமோத் பதி வந்தார். ஆக நம் அரசு அனிமேஷனுக்கு இரண்டு குருமார்கள்: கையை மறைக்கச் சொன்ன பள்ளி ஒன்று, கையைக் காட்டிய பள்ளி ஒன்று.

பிரமோத் பதியின் 'எக்ஸ்ப்ளோரர்' (1968), 'அபித்' (1972) போன்றவற்றை இன்றைக்குப் பார்த்தாலும் அரசுத் துறையில் இதை எப்படி விட்டார்கள் என்று ஆச்சரியமாக இருக்கும். 'அபித்' படத்தில் ஓவியர் ஒருவர் வெள்ளை அறைக்குள் மெக்லாரன் பாணியில் பொம்மைபோலத் தத்தித் தத்தி நகர்ந்து அறை முழுக்க வண்ணம் பூசுகிறார். அதே பதி, அதே உத்தியை வைத்து 'கிளாக்ஸ்ப்ளோஷன்' (1968) போன்ற குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரப் படங்களையும் செய்தார். எல்லைக்கோடு மனிதனை எப்படிப் பொம்மையாக்குகிறது என்று காட்டுவதற்கு மெக்லாரன் கையாண்ட உத்தி, இங்கே எத்தனை பிள்ளை பெறலாம் என்று ஜனங்களுக்குச் சொல்வதற்குப் பயன்பட்டது. பதி 1975இல் இளவயதிலேயே இறந்துவிட்டார். அடுத்த இரண்டு வருஷங்களில், நெருக்கடி நிலையின்போது, அரசின் கை திரையைவிட்டு இறங்கி உடல்களுக்கே வந்தது. 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள். ஒரு படத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆட்டுவிக்கிற உத்தி தன்னளவில் விடுதலைக்கானது அல்ல என்பதை மட்டுமே சொல்கிறேன். யார் ஆட்டுவிக்கிறார்கள் என்பதை உத்தி சொல்லாது. படம்தான் சொல்ல வேண்டும்.

தூர்தர்ஷன் தலைமுறைக்கு மறக்கவே முடியாத ஒரு படம் உண்டு: விஜயா முலே இயக்கிய 'ஏக் அனேக் ஔர் ஏக்தா' (1974). வேடனின் வலையோடு சேர்ந்து பறக்கிற பறவைகளின் பழங்கதையை வைத்து, ஒன்று, பல, ஒற்றுமை என்று அக்கா தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். மனிதர்களைப் போலவே வரைந்த கோடுகளும் துள்ளுகின்றன. அழகான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் இது நினைவில் பதிக்கப்பட்டது என்கிற வகையைச் சேர்ந்தது. பல என்பதிலிருந்து ஒன்றுக்குப் போகிற வழி அதில் அவ்வளவு சுளுவாக இருக்கிறது. நடுவில் எந்தப் பறவையும் 'எனக்கு வேறு திசை' என்று சொல்வதில்லை. அதுவும் இந்தியில் சொல்லப்பட்டது என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வேடனின் கையைக் காட்டிய படம், பறவைகளைச் சேர்த்துப் பறக்கவைக்கிற இன்னொரு கையைக் காட்டாமல் விட்டுவிட்டது.

6

இன்றைய நிலைமையையும் கொஞ்சம் சொல்லிவிடலாம். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களைப் பல பத்தாண்டுகளாக சியோலிலும் மணிலாவிலும் வரைந்தார்கள். தொண்ணூறுகளிலிருந்து சென்னை, ஹைதராபாத், திருவனந்தபுரம் ஸ்டுடியோக்களுக்கும் வேலை வந்தது. கதை அங்கே, முகம் அங்கே, குரல் அங்கே. பிரேமுக்கும் பிரேமுக்கும் நடுவில் உள்ளது மட்டும் இங்கே. மெக்லாரன் எதை முக்கியம் என்றாரோ அது கூலி மலிந்த ஊர்களுக்கு அனுப்பப்பட்டது. நம் ஊர்ப் பையன்களும் பெண்களும் கம்ப்யூட்டர் முன்னால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து நகர்த்திய உருவங்களின் பெயர் உலகத்துக்குத் தெரியும். நகர்த்தியவர்களின் பெயர் கடைசி எழுத்துப் பட்டியலில் விர்ரென்று ஓடிப்போகும்.

2022க்குப் பிறகு இன்னொன்று நடக்கிறது. எழுதிக் கொடுத்தால் அசையும் படமே செய்து தருகிற இயந்திரங்கள் வந்துவிட்டன. நடுவில் கை இல்லை என்கிறார்கள். கை இல்லாமல் இல்லை. வரைந்து குவித்த லட்சக்கணக்கானவர்களின் கைகளை விழுங்கித்தான் அந்த இயந்திரம் வரைகிறது. டிஸ்னியில் மை தொட்டு எழுதிய பெண்களின் ரேகை துடைக்கப்பட்டதன் கடைசிக் கட்டம் இது. இந்தப் படங்கள் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன, கண்ணுக்கு இதமாக இருக்கின்றன, ஒரு மணி நேரத்தில் மறந்துபோகின்றன. தொழில்நுட்பம் முதிராததால் இப்படி என்று சொல்கிறார்கள். இருக்கலாம். ஒரு பிரேமை நகர்த்தியபோது யாருக்காவது ஏதாவது தயக்கம் இருந்ததா என்பதுதான் என் கேள்வி. ட்ரன்காவின் ஸ்டுடியோவில் அந்தக் கோமாளியின் கையில் கயிறு கட்டிய ஆளுக்கு நிச்சயம் இருந்திருக்கும்.

அரசின் பணம் வேண்டாம், சந்தையின் பணம் வேண்டாம் என்று சுலபமாகச் சொல்லி நான் முடிக்கப்போவதில்லை. வரலாறு அந்தச் சுத்தத்தை அனுமதிக்கவில்லை என்பதைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தோம். பொம்மைக்குக் கை தேவை. நமக்குப் பத்திரிகை நடத்தப் பணமும், புத்தகத்துக்கு நூலக ஆணையும், கூட்டத்துக்கு மண்டபமும் தேவைப்படுவதுபோல. கை தொடாத கலை என்று ஒன்று இல்லை. தொட்ட கையை அந்தப் படைப்புக்குள்ளேயே காட்டுகிற நேர்மை உண்டா இல்லையா என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டியிருக்கிறது. நினைவில் நிற்கிற அந்தப் பத்து நிமிஷப் படங்கள் இதைச் செய்கின்றன. நம்முடைய முந்நூறு பக்க நாவல்களில் எத்தனை செய்கின்றன?

ட்ரன்காவின் படத்தில் கை கடைசியாக அடிக்கிற சல்யூட் போலியானது என்று நான் நினைக்கவில்லை. அது மெய்யாகவே மரியாதை செலுத்துகிறது. இறந்த கலைஞனை அதிகாரம் எப்போதும் மனதாரத்தான் நேசித்திருக்கிறது. இனி அவன் தொட்டி வனையப் போவதில்லை. பொன்னாடைக்கும் விருதுக்கும் பெயர் முன்மொழியப்படுகிற நாட்களில் நண்பர்கள் இந்தப் படத்தை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். 18 நிமிஷம்தான் ஆகும்.